பொருளாளரின் மலைகள்: கம்ப்ரியாவில் ஐந்து நாள்

முதல் நாள்: கெண்டல்

நகராட்சி அலுவலகக் கணக்குப் பிரிவில் 34 ஆண்டுகள் உட்கார்ந்து எழுந்தவன் நான். மலைக்கும் எனக்கும் உள்ள உறவு, பஸ் ஜன்னல் வழியாகக் குற்றாலத்து மலையைப் பார்த்தது மட்டும்தான். ஓய்வு பெற்று, மகள் வீட்டில் மூன்று மாதம் இருந்துவிட்டுப் போகலாம் என்று இங்கிலாந்துக்கு வந்த இடத்தில், மருமகன் ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்துக் கையில் கொடுத்தார். "படித்துப் பாருங்கள் மாமா. எழுதியவர் உங்கள் கட்சிதான்."

சட்டைப்பைக்குள் அடங்குகிற புத்தகம். பிரித்தால் அச்செழுத்து ஒன்றுகூட இல்லை. எல்லாம் கையெழுத்து. படங்களும் பேனாவால் போட்டவை. வலது ஓரம் அடிமட்டம் வைத்த மாதிரி நேராக நிற்கிறது. ஆனால் எந்தச் சொல்லும் வரி முடிவில் உடைந்து அடுத்த வரிக்குத் தாவவில்லை. கணக்குப் பிரிவில் இருந்தவனுக்கு இது புரியும். இவர் பேரேடு எழுதிப் பழகியவர்.

ஆல்ஃபிரட் வெய்ன்ரைட். கெண்டல் என்ற சிறு நகரத்தின் நகராட்சிப் பொருளாளர். இங்கிலாந்தின் வடமேற்கே கம்ப்ரியாவில் லேக் டிஸ்ட்ரிக்ட் என்று ஓர் ஏரிப் பகுதி; அதன் மலைகளுக்கு ஏழு தொகுதி வழிகாட்டி எழுதியவர். முதல் தொகுதி 1955இல் வந்தது, ஏழாவது 1966இல். இன்றுவரை கடைகளில் கிடைக்கிறது. அதில் இடம்பெற்ற மலைகள் 214. அந்த 214க்கும் இன்று 'வெய்ன்ரைட்டுகள்' என்றே பெயர் ஆகிவிட்டது. அத்தனையும் ஏறி முடித்துவிடுவது என்று வாழ்நாளைச் செலவழிக்கிறவர்கள் இந்த நாட்டில் ஏராளம்.

மகள் மருத்துவமனையில் ஐந்து நாள் விடுப்பு வாங்கிவிட்டாள். என் மனைவி பேரனோடு வீட்டிலேயே இருந்துகொள்வதாகச் சொல்லிவிட்டாள். "முழங்கால் மாத்திரையை மட்டும் மறந்துவிடாதீர்கள்" என்பதுதான் வழியனுப்பு.

பிரஸ்டனில் ரயில் ஏறும்போதே தூறல். ஆக்சன்ஹோமில் வண்டி மாறி அடுத்த நிறுத்தம் கெண்டல். ஊர் முழுக்கச் சாம்பல் நிறச் சுண்ணாம்புக்கல் வீடுகள். மழையில் நனைந்தால் கறுத்துவிடுகின்றன. நகராட்சிக் கட்டடத்தின் முன்னால் நின்று ஐந்து நிமிடம் அண்ணாந்து பார்த்தேன். மகள் புகைப்படம் எடுக்கட்டுமா என்றாள். வேண்டாம் என்றேன். அலுவலகம் அலுவலகம்தானே.

வெய்ன்ரைட் பிறந்தது 1907இல், லங்காஷயரின் பிளாக்பர்ன் என்ற பஞ்சாலை ஊரில். அங்கே நகராட்சியில் எடுபிடி வேலையில் சேர்ந்து, இரவில் படித்துக் கணக்கர் ஆனவர். 1941இல் சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லை என்று கெண்டல் நகராட்சிக்கு மாறி வந்தார். மலைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் காரணம். 1948இல் பொருளாளர் ஆனார். சம்பளம் குறைகிற இடத்துக்கு மாற்றல் கேட்டு விண்ணப்பித்த ஒருவரை என் 34 ஆண்டுகளில் நான் பார்த்ததில்லை.

1952 நவம்பர் 9ஆம் தேதி முதல் பக்கத்தை வரைந்தார். அந்த ஏரிப் பகுதியை ஏழு துண்டாகப் பிரித்து, 13 ஆண்டு என்று கெடு வைத்துக்கொண்டார். வார இறுதியில் பஸ் ஏறிப் போய் மலை ஏறுவது. மற்ற நாள்களில் அலுவலகம் முடிந்து வீட்டுக்கு வந்து இரவில் எழுதுவது. கார் ஓட்டத் தெரியாது, கற்றுக்கொள்ளவும் இல்லை. எட்டு மாதம் போல வேலை செய்து நூறு பக்கம் சேர்ந்த பிறகு, வரிகளின் வலது ஓரம் ஒழுங்காக இல்லை என்று தோன்றியிருக்கிறது. நூறு பக்கத்தையும் ஒதுக்கிவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார்.

இதைப் படித்தபோது என் மேலதிகாரி ஒருவர் நினைவுக்கு வந்தார். ஒரு எண் மற்ற எண்களுக்கு நேராக இல்லை என்று முழுத் தாளையும் திரும்ப எழுதச் சொல்வார். அப்போது மனதுக்குள் அவரைத் திட்டியிருக்கிறேன். தமிழில் யாராவது இப்படி வலது ஓரத்தை நேராக்கிக் கையால் எழுத முயன்றால் என்ன ஆகும் என்றும் யோசித்தேன். 'கொண்டிருந்தவர்களுக்காகவும்' என்று ஒரு சொல் வந்தால் போதும், வரி தீர்ந்தது.

அச்சடிக்கச் செலவு 950 பவுண்டு. கையிலிருந்தது 35 பவுண்டு. உள்ளூர் அச்சகத்தார், விற்க விற்கக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். தபால், விற்பனை இதெல்லாம் தன்னால் ஆகாது என்று, நண்பரும் ஊர் நூலகருமான ஹென்றி மார்ஷலின் பெயரைப் பதிப்பாளர் என்று போட்டார். விலை 12 ஷில்லிங் 6 பென்ஸ். கடனில் தொடங்கிய ஒரு புத்தகம், கடனைத் தீர்த்த பிறகும் எழுபது ஆண்டு ஓடுகிறது.

மாலை அருங்காட்சியகத்தில் அவருடைய பை, மூக்குக்கண்ணாடி, புகைக்குழாய் எல்லாம் பார்த்தோம். அந்த அருங்காட்சியகத்தையே பல ஆண்டுகள் கௌரவப் பதவியில் கவனித்துக்கொண்டவர் அவர். வெளியே வந்து கெண்டல் மின்ட் கேக் வாங்கினோம். கேக் என்பது பேச்சுக்கு. புதினா மணத்தோடு கட்டிச் சர்க்கரை. 1953இல் எவரெஸ்ட் உச்சியில் ஹிலரியும் டென்சிங்கும் தின்ற பண்டம் என்று பெருமை. மகள் ஒரு துண்டைக் கடித்துவிட்டு, "சர்க்கரை அளவு பார்க்கிற நாள்களில் இதைத் தொடவே கூடாது அப்பா" என்று மீதியைத் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

இரண்டாம் நாள்: ஆரஸ்ட் ஹெட்

இன்று ஏறியதை மலை என்று சொன்னால் ஊரில் சிரிப்பார்கள். 238 மீட்டர். விண்டர்மியர் ரயில் நிலையத்துக்கு எதிரே சாலையைக் கடந்தால் பாதை. காட்டுக்குள் வளைந்து வளைந்து ஏறுகிறது. நல்ல காலுக்கு அரை மணி நேரம், என் காலுக்கு ஐம்பது நிமிடம்.

ஆனால் எல்லாம் இங்கேதான் தொடங்கியது. 1930இல், 23 வயதில், பணம் சேர்த்துக்கொண்டு ஒரு வார விடுமுறைக்கு ஒன்றுவிட்ட சகோதரர் எரிக் பியர்ட்சாலோடு வந்த வெய்ன்ரைட் ஏறிய முதல் குன்று இது. பிளாக்பர்னின் புகைபோக்கிகளையே பார்த்து வளர்ந்த கண். மேலே வந்ததும் மரங்கள் விலகுகின்றன; கீழே விண்டர்மியர் ஏரி முழு நீளத்துக்கும் கிடக்கிறது; அதற்கு அப்பால் மேற்கிலும் வடக்கிலும் மலை மேல் மலையாக நிற்கிறது. அந்தக் காட்சி தன் வாழ்க்கையைத் திருப்பியது என்று அவரே பின்னாளில் எழுதினார்.

எங்களுக்குப் பாதிதான் கிடைத்தது. ஏரி தெரிந்தது, மலைகளின் இடுப்புவரை தெரிந்தது, தலைகளை மேகம் வைத்துக்கொண்டது. உச்சியில் எந்த மலை எங்கே என்று காட்டும் பலகை இருக்கிறது. பலகையைப் பார்ப்பதும் மேகத்தைப் பார்ப்பதுமாகக் கால் மணி நேரம் நின்றோம்.

இந்தக் குன்று ஏழு தொகுதிகளில் இல்லை. 214க்குள் வராது. ஓரத்துக் குன்றுகளுக்கென்று 1974இல் அவர் தனியாக ஒரு தொகுதி போட்டார். பெரிய மலைகளை இனி ஏற முடியாத வயதானவர்களை மனதில் வைத்து எழுதியது. ஆரஸ்ட் ஹெட் அதில் இருக்கிறது. 23 வயதில் முதலாவதாக ஏறியது, கிழவர்களுக்கான புத்தகத்தில்! நான் எந்தத் தொகுதியைச் சேர்ந்தவன் என்று மகளிடம் கேட்டேன். "முழங்காலைக் கேளுங்கள்" என்றாள்.

இறங்கும்போது இன்னொன்று நினைத்துக்கொண்டேன். இந்த ரயில் பாதை 1847இல் வந்தது. வரக்கூடாது என்று எதிர்த்து 1844இல் கவிதையும் கடிதமும் எழுதியவர் வேர்ட்ஸ்வொர்த். கூட்டம் கூட்டமாக ஆள்கள் வந்து இறங்கினால் இந்த இடத்தின் அமைதி போய்விடும் என்பது அவர் கவலை. அதே மனிதர்தான் இந்த ஏரிகளுக்கு 1810இலேயே ஒரு வழிகாட்டியும் எழுதியிருந்தார். அவருக்கும் முன்னால், 1778இல், தாமஸ் வெஸ்ட் என்பவர் எந்த இடத்தில் நின்று எதைப் பார்க்க வேண்டும் என்று எழுதிவைத்தார். பஸ் பிடித்து வந்த கல்தச்சர் வீட்டுப் பையனுக்கு இந்த இரண்டும் போதவில்லை. நின்று பார்க்கிற இடம் அல்ல, கால் வைக்கிற இடம் அவனுக்குத் தெரிய வேண்டியிருந்தது. வேலி எங்கே, வாசல் எங்கே, ஓடையை எங்கே தாண்டுவது.

மூன்றாம் நாள்: ஹெல்ம் கிராக்

கிராஸ்மியரில் தங்கல். காலையில் வானம் வெளுத்திருந்தது. இன்றுதான் நிஜமான தேர்வு.

மருமகன் கொடுத்தது மூன்றாம் தொகுதி, நடு மலைகள். 1958இல் எழுதியது, என் கையில் இருப்பது அதன் பழைய அச்சுகளில் ஒன்று, பழைய புத்தகக் கடையில் வாங்கியது. முன்பு வைத்திருந்தவர் யாரோ, ஏறி முடித்த மலைகளின் பக்கத்தில் பென்சிலால் தேதி போட்டிருக்கிறார். பெயர் எழுதவில்லை. சில இடங்களில் 'மழை' என்று ஒரு சொல். ஓரிடத்தில் 'நாய் உடன்' என்று. இந்தத் தொகுதியை லேக்லேண்டின், அதாவது இந்த ஏரிப் பகுதியின், நாய்களுக்கு வெய்ன்ரைட் காணிக்கையாக்கியிருப்பதால் அது பொருத்தமாகவும் இருந்தது. மற்ற தொகுதிகளின் காணிக்கைகளும் இப்படித்தான்: முதல் தொகுதி நில அளவைத் துறை ஆள்களுக்கு, இரண்டாவது கல்வேலி கட்டியவர்களுக்கு, நான்காவது ஆடுகளுக்கு, ஐந்தாவது தனியாக நடப்பவர்களுக்கு, ஆறாவது தன் வலது காலுக்கும் இடது காலுக்கும். மனைவிக்கு என்று ஒன்றும் இல்லை. இதை மகள் கவனித்துச் சொன்னாள். நாளை இது பற்றி.

ஹெல்ம் கிராக் 405 மீட்டர்தான். ஆனால் ஊரின் தலைக்கு மேலேயே நிற்கிறது. உச்சிப் பாறைகள் கீழிருந்து பார்த்தால் சிங்கமும் அதன் மடியில் ஆட்டுக்குட்டியும் போல இருக்கும். ஊரே அதை அப்படித்தான் அழைக்கிறது. ஈஸ்டேல் சாலை வழியாகப் போய், தோட்டங்கள் முடிகிற இடத்தில் ஏற்றம் தொடங்குகிறது.

அங்கேயே முதல் குழப்பம். புத்தகத்தில் கோடு ஓரிடத்தில் ஏறுகிறது. என் காலடியில் கல் பாவிய படிகள் வேறு பக்கம் திரும்புகின்றன. நான் புத்தகத்தின் பக்கம். ஆவணத்தில் இருப்பதுதான் சரி என்று வேலை பார்த்துப் பழகியவன். முள்ளும் பெரணியுமாக நாற்பது தப்படி போனதும் கால் வழுக்கி உட்கார்ந்துவிட்டேன். மகள் மேலேயிருந்து, கல் படிகளில் நின்றுகொண்டு, "அப்பா, அந்தப் புத்தகம் என்னைவிட மூத்தது" என்று கூப்பிட்டாள்.

ஆயிரமாயிரம் பேர் ஒரே கோட்டில் நடந்தால் மண் அரிக்கும்; மழை அதை ஓடையாக்கும்; புல் போய்க் கல் வரும். பிறகு அந்த இடத்தை மூடி, பக்கத்தில் கல் அடுக்கிப் புதுப் பாதை போடுவார்கள். சில மலைகளுக்குக் கல்லை ஹெலிகாப்டரில் கொண்டுபோய் இறக்குகிறார்களாம். கல் அடுக்குகிறவர்களில் சம்பளம் வாங்காத தொண்டர்களும் உண்டு. அப்படி ஆயிரக்கணக்கில் ஆள் வந்ததற்கு இந்தப் புத்தகமும் ஒரு காரணம்தான். பாதையைக் காட்டிய கோடே பாதையைத் தின்றிருக்கிறது.

மேலே போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டு. நான் இந்த மலைக்கு வந்த காரணம் பக்கத்தின் ஒரு மூலையில் இருக்கிறது. ஹெல்ம் கிராக்கின் உண்மையான உச்சி சிங்கப்பாறை அல்ல. மறுகோடியில் பீரங்கி போல வானத்தை நோக்கிச் சாய்ந்து நிற்கும் ஒரு பாறைதான் மிக உயரமான புள்ளி. கையும் காலும் கொண்டு தொற்றி ஏற வேண்டும். வெய்ன்ரைட்டால் முடியவில்லை. ஆசிரியர் உச்சியை எட்டிவிட்டார் என்ற அறிவிப்புக்காக ஒதுக்கி வைத்த மூலை இது, அச்சுக்குப் போகும்வரை அப்படி அறிவிக்க முடியவில்லை என்று அந்த மூலையில் எழுதிவிட்டு, மேற்கொண்டு ஒன்றும் வரையாமல் விட்டிருக்கிறார்.

எனக்கு இந்த மூலை பிடித்திருக்கிறது. 213 மலைகளின் தலையில் நின்ற மனிதர் இதையும் சேர்த்து 214 என்று போட்டிருந்தால் யார் கேட்டிருக்கப் போகிறார்கள்? எங்கள் பக்கத்தில் மார்ச் மாதக் கடைசியில் நிலுவையே இல்லாத பேரேட்டைப் பார்த்தால் தணிக்கைக்காரர் முகம் சுளிப்பார். எங்கேயோ எதையோ அமுக்கி வைத்திருக்கிறார்கள் என்று பொருள்.

பாறை அடியில் நின்று பார்த்தேன். ஈரம். ஒரு பக்கம் சரிவு. இளைஞர் இருவர் ஏறி, உச்சியில் குந்தி உட்கார்ந்து, இறங்கவும் செய்தார்கள். மகள் என் தோள்பையைப் பிடித்துக்கொண்டாள். ஒன்றும் சொல்லவில்லை, பிடித்துக்கொண்டாள்.

புத்தகத்தைத் திறந்து பார்த்தால், அந்த ஒதுக்கப்பட்ட மூலையில், வெய்ன்ரைட்டின் வரிக்குக் கீழே, பழைய உரிமையாளர் பென்சிலால் இரண்டு சொல் எழுதியிருந்தார்: 'நானும் இல்லை.' தேதி இல்லை. இத்தனை நாள் கையில் வைத்திருந்தும் நான் கவனிக்கவில்லை. அவ்வளவு மெல்லிய எழுத்து.

ஊருக்கு இறங்கி வந்து இஞ்சி ரொட்டி வாங்கித் தின்றோம். கிராஸ்மியரில் 1854 முதல் விற்கிற சரக்கு. நம் சுக்கு மிட்டாய்க்கு ஒன்றுவிட்ட உறவு.

நான்காம் நாள்: கெஸ்விக், மழை

555 பஸ்ஸில் கெஸ்விக் வந்து சேர்ந்ததோடு சரி. நாள் முழுக்க மழை. நம்மூர் மழை போல அடித்துவிட்டு ஓய்கிற குணம் இதற்கு இல்லை. ஒரே தாளத்தில், அவசரமில்லாமல், ஓய்வூதியம் வாங்குகிறவர் போலப் பெய்கிறது. விடுதி வரவேற்பறையில் உட்கார்ந்து இரண்டு புத்தகங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தணிக்கை செய்தேன். பழைய மூன்றாம் தொகுதி ஒன்று. நாளைய மலைக்காக மகள் இன்று வாங்கிய ஏழாம் தொகுதியின் புதிய பதிப்பு இன்னொன்று.

வெய்ன்ரைட் தன் புத்தகங்களைத் தானே திருத்தவில்லை. பாதைகள் மாறுவதும் புத்தகம் பழசாவதும் அவருக்குத் தெரியும். கிறிஸ் ஜெஸ்டி என்ற வரைபடக்காரர் திருத்தித் தருகிறேன் என்று கேட்டபோது, என் காலத்துக்குப் பிறகு செய்துகொள் என்றாராம். 1991இல் வெய்ன்ரைட் இறந்தார். ஜெஸ்டி திருத்திய தொகுதிகள் 2005 முதல் வரத் தொடங்கின. அத்தனை மலையையும் மறுபடி நடந்து, செயற்கைக்கோள் கருவியால் அளந்து, பாதைகளைச் சிவப்பில் போட்டார். அவருக்குப் பின் கிளைவ் ஹட்ச்பி. அவரும் முதலிலிருந்து நடந்தார். அவர் பதிப்பு 2015 முதல். ஆக, ஒரு புத்தகத்துக்காக மூன்று பேர் தனித்தனியாக இத்தனை மலையையும் ஏறியிருக்கிறார்கள். அட்டையில் இன்னும் பெரிதாக இருப்பது முதலாமவர் பெயர்தான்.

நேற்றுவரை இதில் எனக்கு ஒப்புதல் இல்லை. ஒருவர் எழுதிய பேரேட்டில் இன்னொருவர் கைவைப்பதா? எங்கள் விதி தெளிவானது: அழிக்கக்கூடாது. பிழை என்றால் ஒரு கோடு அடித்து, மேலே சரியானதை எழுதி, சுருக்கொப்பம் இட வேண்டும். பழையது படிக்கும்படி இருக்க வேண்டும். ஆனால் பெரணிக்குள் உட்கார்ந்து எழுந்தவனுக்கு அவ்வளவு கொள்கை தாங்காது. புதிய பதிப்பைப் பார்க்கப் பார்க்க, அடித்தல் திருத்தலில் இவர்கள் மரியாதை தவறவில்லை என்றுதான் தோன்றுகிறது. படங்கள் அவருடையவை. நையாண்டி அவருடையது. கறுப்பு அப்படியே இருக்கிறது, சிவப்பு மட்டும் நகர்ந்திருக்கிறது. எங்கள் அலுவலகத்திலும் சிவப்பு மை தணிக்கைக்காரருக்கு மட்டும்தான்.

நகராமல் எப்படி? 2015 டிசம்பர் 5ஆம் தேதியோடு முடிந்த 24 மணி நேரத்தில், இங்கிருந்து பஸ்ஸில் போகக்கூடிய ஹானிஸ்டர் கணவாயில் 341.4 மில்லிமீட்டர் மழை. பிரிட்டனில் அதுவரை ஒரே நாளில் பதிவான அளவுகளில் அதுதான் உச்சம். டெஸ்மண்ட் என்று அந்தப் புயலுக்குப் பெயர். பூலி பிரிட்ஜ் என்ற ஊரில் 1764இல் கட்டிய பாலமே ஆற்றோடு போனது. ஹட்ச்பியின் முதல் தொகுதி வெளியான அதே ஆண்டு. அச்சு மை காய்வதற்குள் மலை தன் பதிப்பை மாற்றிவிட்டது. நாளை அந்த ஹானிஸ்டருக்குத்தான் போகிறோம் என்று மகளிடம் சொன்னேன். அவள் வெளியே மழையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

மதியம் மீனும் உருளைக்கிழங்கு வறுவலும். வெய்ன்ரைட்டுக்குப் பிடித்த சாப்பாடு. இதைவிட்டால் வேறு சாப்பாட்டைப் பற்றி அவர் பெரிதாகப் பேசியதில்லை. 1985இல் பத்து லட்சமாவது பிரதியில் அவர் கையெழுத்திட்டு, அதை வாங்குகிறவர் வந்து காட்டினால் நூறு பவுண்டும் அவரோடு ஒரு வேளைச் சாப்பாடும் என்று வைத்தார்கள். யாரும் வரவில்லை. ஆள்கூட்டத்தைக் கண்டாலே ஒதுங்குகிற அந்த மனிதர் எவ்வளவு நிம்மதி அடைந்திருப்பார் என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். மகள் சிரிக்கவில்லை.

"13 வருட ஞாயிற்றுக்கிழமைகள் அப்பா. அவற்றை யார் கணக்கில் எழுதினார்?"

முதல் மனைவி ரூத்தை 1931இல் மணந்தார். ஒரு மகன், பீட்டர். மணவாழ்க்கை ஆரம்பத்திலேயே கசந்துவிட்டது. வீட்டில் இருந்த நேரமெல்லாம் மேசை விளக்கும் வரைபடமும். ஏழாம் தொகுதி வந்த மறு ஆண்டு, 1967இல், அவர் ஓய்வு பெறுவதற்குச் சில வாரங்கள் முன்பு, ரூத் வீட்டைவிட்டுப் போய்விட்டார். 1970இல் பெட்டி மக்னாலியை மணந்து கடைசிவரை நல்லபடியாகவே வாழ்ந்தார். புத்தகம் கொடுத்த பணத்தில் பெரும்பங்கு, கைவிடப்பட்ட நாய்களுக்கும் பூனைகளுக்கும் காப்பகம் கட்டப் போனது.

வரவுப் பக்கம் என்று நான் நாய்க் காப்பகத்தைச் சொன்னேன். மகள் பற்றுப் பக்கத்திலேயே நின்றாள். "ஒவ்வொரு மார்ச்சும் நீங்கள் எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவீர்கள் என்று அம்மாவைக் கேட்டால் தெரியும்." அதோடு பேச்சை மாற்றி, நாளை எத்தனை மணி பஸ் என்று கேட்டாள்.

இரவு மனைவிக்குத் தொலைபேசியில் அழைத்தேன். மழையா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். மாத்திரை? ஆயிற்று என்றேன். இன்னும் கொஞ்ச நேரம் பேசியிருக்கலாம். பேரன் அழுதான், வைத்துவிட்டாள்.

ஐந்தாம் நாள்: ஹேஸ்டாக்ஸ்

காலை மழை இல்லை, மூடுபனி. பஸ் பாரோடேல் பள்ளத்தாக்கு வழியாக ஏறி ஹானிஸ்டர் கணவாயில் இறக்கிவிட்டது. கற்பலகைச் சுரங்கம் இருக்கும் இடம். கடல் மட்டத்திலிருந்து 356 மீட்டர் உயரத்திலேயே நடை தொடங்குவதால், என் முழங்காலுக்குப் பாதிக் கடன் தள்ளுபடி.

பழைய டிராம் தடம் ஒன்று நேராக மேலே போகிறது. ஒரு காலத்தில் கற்பலகை இறக்கிய வழி. தடத்தின் இருபுறமும் ஹெர்ட்விக் ஆடுகள். குட்டி பிறக்கும்போது கறுப்பு. வளர வளரச் சாம்பல் நிறம். முகம் மட்டும் வெள்ளை. வேலி இல்லாத மலையில் இவை தங்கள் எல்லையைத் தாண்டுவதில்லை. எது நம் மலை என்பதைத் தாய் ஆடு குட்டிக்குக் கூடவே கூட்டிப் போய்ப் பழக்கிவிடுகிறது. ஒரு தலைமுறை மந்தை அழிந்தால் அந்த அறிவும் போய்விடும், மறுபடி மேய்ப்பர்கள் வருடக்கணக்கில் நின்று பழக்க வேண்டும்.

டப்ஸ் சுரங்கத்தின் பழைய குடிலுக்குள் ஒதுங்கித் தேநீர் குடித்தோம். அதற்குப் பிறகு பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. பாதை இறங்கி, ஓடையைத் தாண்டி, பாறைகளுக்கு நடுவில் ஏறுகிறது. மகள் கைப்பேசியைப் பார்த்தாள். நான் சிவப்புக் கோட்டைப் பார்த்தேன். இரண்டும் ஒத்துப்போயின. ஒத்துப்போகாத ஒரே இடத்தில் அவள் புத்தகத்தின் பக்கம் நின்றாள். ஏன் என்று கேட்டதற்கு, "இவர்கள் நடந்து பார்த்திருக்கிறார்கள்" என்றாள்.

பிளாக்பெக் குட்டை திடீரென்று காலடியில் வந்தது. இங்கே சிறு மலைக்குளத்துக்கு டார்ன் என்று பெயர், ஓடைக்கு பெக், மலைக்கு ஃபெல். எல்லாம் ஆயிரம் ஆண்டுக்கு முன் கடல் தாண்டி வந்து குடியேறிய நார்வேக்காரர்கள் விட்டுப்போன சொற்கள். இன்னும் கொஞ்சம் ஏறினால் இன்னொரு குட்டை. பெயர் 'இன்னாமினேட் டார்ன்'. பெயரில்லாக் குட்டை என்பதே பெயர்.

597 மீட்டர் உயரமுள்ள ஹேஸ்டாக்ஸ், சுற்றியுள்ள பெரிய மலைகளுக்கு நடுவில் முடிவெட்டாத பையன் மாதிரி நிற்கும் மலை. வெய்ன்ரைட்டுக்கு மிகப் பிடித்தது இதுதான். தன் சாம்பலை இந்தக் குட்டைக் கரையில் தூவ வேண்டும் என்று முன்பே எழுதிவைத்தார். பிற்காலத்தில் இங்கே வருகிறவரின் காலணிக்குள் மணல் நெருடினால் அது தானாகவும் இருக்கலாம் என்று கேலியும் செய்திருந்தார். 1991 மார்ச் 22 அதிகாலையில் பெட்டியும் நண்பர் பெர்சி டஃபும் சிலரோடு வந்து தூவினார்கள். கல்வெட்டு, கல்தூண் எதுவும் இங்கே இல்லை. சாம்பல் நிற நீர், கரையில் கறுப்புக் கரிமண், காற்றில் ஒரு பக்கமாகச் சாய்ந்த புல்.

அவர் கடைசியாக இந்த மலைக்கு வந்தது தொலைக்காட்சிப் படப்பிடிப்புக்காக. எழுபதைத் தாண்டி, கண் பார்வை மங்கிப்போன காலம். அன்றும் மழை. கண்ணாடி நனைந்து ஒன்றும் தெரியாமலே இறங்கினார். தனக்காக மலை அழுதது என்று பிறகு எழுதினார். இவ்வளவு கறாரான கணக்கர் அப்படியொரு வரியை எழுதுவதற்கு எவ்வளவு மழை வேண்டியிருந்ததோ.

உச்சி ஒரு சின்ன முகடு. அதன் இரு கோடியிலும் ஒவ்வொரு கற்குவியல், நடுவில் ஒரு குட்டிக் குளம். எது உயரம் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாத அளவுக்குக் கிட்டத்தட்ட சமம். நாங்கள் ஒரு குவியலைத் தொட்டோம். மகள் மின்ட் கேக்கை எடுத்து, இன்று மட்டும் என்று ஒரு துண்டு கொடுத்தாள். மற்றொரு குவியலைத் தேடி ஐம்பது தப்படி போனோம். பனி கெட்டியாகி, மகளின் சிவப்புச் சட்டையே மங்கலாகத் தொடங்கியதும் நின்றுவிட்டேன். ஓரத்தில் செங்குத்து இறக்கம் இருப்பது புத்தகத்தில் படம் போட்டிருக்கிறது.

ஸ்கார்த் கேப் வழியாக இறக்கம். முழங்கால் ஒவ்வொரு கல்லுக்கும் பெயர் வைத்துத் திட்டியது. கேட்ஸ்கார்த் வந்ததும் தார்ச் சாலை. ஏரிக்கரையோரம் நடந்து பட்டர்மியர் ஊரில் செயின்ட் ஜேம்ஸ் தேவாலயம். நாலு வரிசை பெஞ்சு போட்டால் நிறைந்துவிடும் அளவு. உள்ளே ஒரு ஜன்னலின் அடியில் கல்லில் அவர் பெயர். அந்த ஜன்னலிலிருந்து ஹேஸ்டாக்ஸ் தெரியும், அதற்காகத்தான் அங்கே வைத்தது. குனிந்து பார்த்தேன். கண்ணாடிக்கு அப்பால் வெள்ளையாகப் பனி, அதன் அடியில் ஒரு கல்வேலி, ஒரு ஆடு.

பஸ்ஸுக்கு நாற்பது நிமிடம் இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்து பையிலிருந்து பென்சிலை எடுத்தேன். மகள் எட்டிப் பார்த்தாள்.

"தேதி போடுங்கள் அப்பா. ஏறிவிட்டோமே."

"எந்தக் குவியல் உயரம் என்று தெரியாது. ஒன்றைத்தான் தொட்டோம்."

"யார் வந்து பார்க்கப் போகிறார்கள்?"

ஹேஸ்டாக்ஸ் பக்கத்தின் ஓரத்தில், பழைய உரிமையாளரின் அளவுக்குச் சின்ன எழுத்தில், 'ஒன்று தொட்டது, மற்றது நிலுவை' என்று எழுதினேன். அவள் புத்தகத்தை வாங்கிப் பார்த்தாள். பிறகு பென்சிலை என் கையிலிருந்து எடுத்து, அந்த வரிக்குப் பக்கத்தில் தன் சுருக்கொப்பத்தைப் போட்டாள்.